நாளை மூன்றரைக்கு

நாளை பின்னேரம் மூன்றரைக்கு அரையிறுதி.
இன்றைக்கே கொட்டாஞ்சேனையில்
ஒருவருக்கும் கணக்குச் சரிவரவில்லை.
அரை அங்குலக் குழாய் கேட்டவருக்கு
முக்கால் அங்குலம் கட்டிக் கொடுத்தேன்.
முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய மகன் மற்றக் கல்லூரியில் படித்தவன்;
அவரும் காலையிலிருந்து
மூடிய பேனாவால் பில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எங்களுடையது மெரூன். அவர்களுடையது மஞ்சள்.
இந்தப் பருவத்தில் இரண்டுமே தோற்கவில்லை.
பதினொரு ஆட்டத்தில் அவர்கள் வாங்கியது மூன்றே கோல்,
அதிலும் ஒன்று அவர்களே போட்டுக்கொண்டது.
எங்கள் ஒன்பதாம் இலக்கம்
தனியாகப் பத்தொன்பது அடித்திருக்கிறான்.
நாளைக்கு யாரோ ஒருவரின் கணக்கு உடையும்.
யாருடையது என்று கேட்டால்
செபமாலை அண்ணன் பிளேன்டீயை ஊதி ஊதி
"அது மழைக்குத்தான் தெரியும்" என்கிறார்.

மழை.
துறைமுகப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது,
கிரேன்களுக்குத் தலை இல்லை.
இம்தாட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
போனில் வானிலையைத் திறக்கிறான்:
அறுபது வீதம், நாற்பது வீதம், மறுபடி அறுபது.
"தண்ணி நிண்டா எங்கட குட்டைப் பாஸ் எல்லாம் செத்துது,
அவங்கட நெடுவல் பொடியன்கள் தலையாலேயே முடிச்சிருவானுகள்."
சொன்னது குரூஸ்.
சொன்ன குற்றத்துக்கு
அவனுக்கு இரண்டாவது வடை கிடைக்கவில்லை.

எட்டு மணி இருக்கும்.
கடைக்குள் ஒரு பையன் வந்தான்.
குடையில்லை. இரப்பர் செருப்பு.
ஒரு இறாத்தல் பாண், மூன்று முட்டை, கால் கிலோ பருப்பு.
காசை எண்ணும்போதுதான் பார்த்தோம்,
வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்து
வெள்ளை பிளாஸ்டர்.
மஞ்சள் பக்கத்துப் பந்துக்காப்பாளன்.
மூன்றே மூன்று விட்ட கை.

மேசை அடங்கிப்போனது.
காலையிலிருந்து அவனை
எத்தனை விதமாகத் திட்டியிருந்தோம்.
படத்தில் மதில் மாதிரி நின்றவன்,
இங்கே டியூப் லைட்டுக்குக் கீழே
கழுத்தெலும்பு தெரிகிற பதினெட்டு வயது.
முட்டைப் பையை
மூலையில் பாய்ந்து பிடித்த பந்து மாதிரி
நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"விரல் நோகுதா தம்பி?"
"இல்ல அங்கிள்."
"போய் நல்லாத் தூங்கு."

அவன் வீதியைத் தாண்டும்வரை பொறுத்திருந்து
இம்தாட் சொன்னான்:
"ஓம், நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் தூங்கட்டும்."
சிரித்தோம்.
வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது அந்தச் சிரிப்பு.

நான் விளையாடினவன் இல்லை.
ஒரு பந்தும் ஒரு நாளும் என் காலுக்கு அடங்கியதில்லை.
என்னிடம் இருப்பது ஒரு டிரம்.
பப்பரேக்காரர் கூலியை ஏற்றிய வருடம்
ஆறு பேர் காசு சேர்த்து
பஞ்சிகாவத்தையில் பழசாக வாங்கியது.
ஈரம் பட்டால் தோல் தொய்ந்து
தடிமன் பிடித்தவன் தும்முவது போல் சத்தம் வரும்.
ஆகவே இன்றிரவு
காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், கதிரையில்,
அது உட்கார்ந்திருக்கிறது.
"விருந்தாளிக்கும் இடியப்பம் வைக்கவா?"
கேட்டுவிட்டுப் படுக்கப் போனாள் நிரஞ்சலா.

இரண்டு மணி.
தகரத்தில் சத்தம் இல்லை.
மழை விட்டதா,
எனக்குக் கேட்டுப் பழகிவிட்டதா?
எழுந்துபோய்த் தோலில் விரல் வைத்தேன்.
இறுகியிருக்கிறது.
ஒரே ஒரு தட்டு.
சத்தியமாக மெதுவாகத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.
அடுத்த வீட்டு டபரேரா. மஞ்சள்.
அவரும் தூங்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து
முட்டியால் சுவரில் பதில் வந்தது,
மூன்று தட்டு.

கோலைச் சொல்கிறாரா,
நேரத்தைச் சொல்கிறாரா?
மிச்ச அரைத் தட்டுக்காக
இருட்டில் நின்றுகொண்டிருக்கிறேன்.